பிறந்தவுடன் அழாத குழந்தை: கடந்துபோன ஆறு மணி நேரமும் கையில் இருக்கும் மாதங்களும்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து தாய்மாமன் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்குத் தலைச்சன் பிரசவம். வழக்கப்படி வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். மாலையில் தொடங்கிய வலி மறுநாள் காலை வரை நீடித்து, நிறைமாத ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பனிக்குட நீரில் மலம் கலந்திருந்தது. குழந்தை அழவில்லை, பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுத்தபின், சில நிமிடங்கள் கழித்தே தானாக மூச்சு விட்டிருக்கிறது. அன்று பிற்பகல் கை கால் வெட்டி இழுத்ததால் தஞ்சாவூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். போய்ச் சேரும்போது பிறந்து ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டதால் குளிரூட்டும் சிகிச்சைக்கு நேரம் கடந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருந்து, பினோபார்பிடோன் என்ற வலிப்பு மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தைக்கு இப்போது பதினோரு வாரம். ஆறாம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இரு பக்கமும் 'வாட்டர்ஷெட்' பகுதிகளில் பாதிப்பு என்றும், பேசல் கேங்கிலியா, தலாமஸ், இன்டர்னல் கேப்சூல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றும் இருக்கிறது.

அவருடைய கேள்விகள் நான்கு. நேரத்தோடு போயிருந்தால் குளிரூட்டும் சிகிச்சை பிள்ளையைக் காப்பாற்றியிருக்குமா? பிள்ளை நடப்பானா, பேசுவானா? சென்னையில் ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் மூளை சரியாகிவிடும் என்கிறார்களே, நிலத்தை அடமானம் வைக்கலாமா? உங்கள் வீட்டில் தாமதம் செய்துவிட்டீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதற்கு என்ன பதில் சொல்வது?

டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். குழந்தையை நான் பார்க்கவில்லை என்பதால், உங்கள் மருத்துவர் நேரில் சோதித்துச் சொல்வது நான் எழுதுவதற்கு முரணாக இருந்தால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் 'ஹைபாக்ஸிக் இஸ்கீமிக் என்செபலோபதி, ஸ்டேஜ் 2' என்று எழுதியிருக்கும். பிரசவத்தை ஒட்டிய நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்தமும் ஆக்ஸிஜனும் குறைந்ததால் மூளை சரியாக இயங்காத நிலை என்பது அதன் பொருள். 1976இல் சார்நாட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த மூன்று நிலைகளில் இது நடுநிலை: குழந்தை துவண்டு கிடக்கும், சப்பும் திறன் குறையும், வலிப்பு வரும், ஆனால் முழு மயக்கத்தில் இருக்காது. முதல் நிலைக் குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாக இருப்பார்கள். மூன்றாம் நிலைக் குழந்தைகளில் பெரும்பாலோர் இறந்துவிடுவார்கள் அல்லது கடுமையான குறைபாட்டோடு வளர்வார்கள். இரண்டாம் நிலையில் எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எல்லா மருத்துவர்களும் உங்களுக்கு மழுப்பலாகவே பதில் சொன்னதற்குக் காரணம் இதுதான், அலட்சியம் இல்லை.

குளிரூட்டும் சிகிச்சையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுச் சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆக்ஸிஜன் குறையும்போது மூளைச் செல்களில் ஒரு பகுதி அப்போதே இறந்துவிடுகிறது. மூச்சு திரும்பி ரத்த ஓட்டம் சீரானதும் மீதிச் செல்கள் சில மணி நேரம் தேறுவது போலத் தோன்றும். பிறகு, ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பின், செல்லுக்குள்ளே சக்தி உற்பத்தி இரண்டாம் முறையாகச் சரிந்து, அடுத்த இரண்டு மூன்று நாட்களில் மேலும் பல செல்கள் அழிகின்றன. உங்கள் மருமகனுக்குக் காலையில் பிறந்து பிற்பகலில் வலிப்பு வந்ததற்கும் இந்த இரண்டாம் சரிவே காரணமாக இருக்கலாம். அந்த இடைவெளிக்குள், அதாவது பிறந்து ஆறு மணி நேரத்துக்குள், உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பின்பு மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் மெதுவாக ஏற்றினால் இரண்டாம் அழிவு குறையும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. பணக்கார நாடுகளில் 2005 முதல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் இதை உறுதி செய்தன. 2013இல் பதினோரு ஆய்வுகளின் 1505 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏழு குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தால் அவர்களில் ஒரு குழந்தை மரணத்திலிருந்தோ பெரிய குறைபாட்டிலிருந்தோ தப்புகிறது என்று கணக்கு வந்தது. ஏழில் ஒன்று என்பது நல்ல பலன்தான், ஆனால் மற்ற ஆறு குழந்தைகளின் விதியை அந்தச் சிகிச்சை மாற்றவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது.

நம் பக்கத்துக் கதை வேறு. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து ஹீலிக்ஸ் என்ற ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் உண்டு. முடிவு 2021இல் வெளியானபோது எங்களைப் போன்றவர்கள் பலரும் திகைத்துப்போனோம். குளிரூட்டப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 50 பேரும், குளிரூட்டப்படாதவர்களில் நூற்றுக்கு 47 பேரும் ஒன்றரை வயதுக்குள் இறந்திருந்தார்கள் அல்லது நடுத்தர, கடுமையான குறைபாட்டோடு இருந்தார்கள். மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் குளிரூட்டிய பக்கம் 42, குளிரூட்டாத பக்கம் 31. அதாவது பலன் இல்லை, மரணம் கூடியிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் சேர்ந்த குழந்தைகள், வென்டிலேட்டர் உள்ள பிரிவுகள், நல்ல கருவி எல்லாம் இருந்தும் இந்த நிலை. ஏன் என்பதற்கு இன்னும் முழுமையான விடை இல்லை. நம் ஊர்களில் பாதிப்பு பிரசவத்தின் கடைசி நிமிடங்களில் ஒரேயடியாக நேராமல், நீண்ட வலியின்போது சிறிது சிறிதாகவே நேர்ந்து, குழந்தை வெளியே வருவதற்குள் அந்த இடைவெளி கடந்துபோயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் நரம்பு இழைகள் ஓடும் வெண்பகுதியில் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது அதோடு பொருந்தி வருகிறது.

இதற்காகக் குளிரூட்டும் சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பங்களிப்போடு, இந்த வெப்பநிலையைப் பிடித்து நிறுத்தக்கூடிய விலை குறைந்த மெத்தை வகைக் கருவி நம் நாட்டிலேயே உருவாகியிருக்கிறது. முழு வசதியுள்ள பிரிவுகளில், தக்க குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து இன்றும் செய்கிறார்கள். ஆனால் "மூன்று மணி நேரம் முன்னால் போயிருந்தால் பிள்ளை முழுசாகக் கிடைத்திருப்பான்" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் குழந்தையைப் போல் நீண்ட வலிக்குப் பின் பிறந்த டெல்டாக் குழந்தைக்கு அந்தச் சிகிச்சை நிச்சயம் உதவியிருக்கும் என்று இன்று நாணயமான எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்ல மாட்டார். அந்த ஒன்பது மணி நேரத்தில் உண்மையாகவே குழந்தைக்கு நன்மை செய்தவை வேறு: மூச்சு சீராக இருந்தது, சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொண்டது, வலிப்புக்கு ஊசி போட்டது, 108 வண்டியில் ஆக்ஸிஜனோடு கொண்டுபோனது. உடம்பு கூடுதலாகச் சூடாகாமல் இருந்ததும் முக்கியம். அடிபட்ட மூளைக்குக் காய்ச்சல் கெடுதல், மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையை வெப்ப விளக்கின் கீழ்க் கம்பளியால் மூடிப் போட்டுவைப்பதை நாங்கள் விரும்புவதில்லை.

இனி எம்.ஆர்.ஐ. அறிக்கைக்கு வருவோம். ரத்த ஓட்டம் திடீரென்று முற்றாக நின்றால், அதிகச் சக்தி செலவழிக்கும் மூளையின் உள்மையப் பகுதிகளான பேசல் கேங்கிலியாவும் தலாமஸும் முதலில் அடிபடும். தொப்புள்கொடி நழுவி முன்னே வந்துவிடுவது, நச்சுக்கொடி பிரிந்துவிடுவது, கர்ப்பப்பை கிழிவது போன்றவற்றில் இப்படி நேரும். ஓட்டம் அடியோடு நிற்காமல் நீண்ட நேரம் குறைந்தே ஓடினால் அடிபடுவது வேறு இடம். மேட்டூரில் தண்ணீர் குறைவாகத் திறந்தால் கல்லணைக்குப் பக்கத்து வயல்கள் எப்படியோ தேறிவிடும், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைதான் காயும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூளையிலும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களின் கடைசிக் கிளைகள் சந்திக்கும் எல்லைகள் அப்படிப்பட்ட கடைமடைகள். அவற்றைத்தான் அறிக்கை வாட்டர்ஷெட் பகுதி என்கிறது.

பிள்ளை நடப்பானா என்ற கேள்விக்கு இதில் ஒரு பதில் ஒளிந்திருக்கிறது. கை கால் அசைவுக்கான நரம்புப் பாதை இன்டர்னல் கேப்சூலின் பின்பகுதி வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அந்த இடமும் பேசல் கேங்கிலியாவும் கெட்டிருந்தால் நடப்பது கடினம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். உங்கள் குழந்தைக்கு அவை தப்பியிருக்கின்றன. எனவே அவன் நடப்பான் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமான இடம் உண்டு. சற்றுத் தாமதமாகவும், சில சமயம் ஒரு பக்கக் கை காலில் இறுக்கத்தோடும் நடக்கலாம். ஆனால் வாட்டர்ஷெட் பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கு நடப்பதைவிடப் பேச்சு, கற்றல், கவனம், பார்வையைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றில்தான் பின்னால் சிக்கல் வருவது வழக்கம், அது இரண்டு வயதுக்குப் பிறகும், பள்ளிக்கூடம் போகும்போதும்கூடத் தலைகாட்டும். அதனால்தான் ஒரு வயதில் நடந்துவிட்டான் என்றவுடன் பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடும் குடும்பங்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். பேச்சைப் பற்றி இன்று எவரும் உங்களுக்கு உறுதி தர முடியாது.

நான் இந்தப் பதிலில் முக்கியமாகச் சொல்ல நினைப்பது அடுத்துள்ள செய்திதான். அந்த ஆறு மணி நேரம் போய்விட்டது, அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் இப்போது உங்கள் கையில் இருக்கும் சில மாதங்கள், பலர் அறியாமலே கைநழுவ விடும் மாதங்கள். "அவங்க அப்பனும் லேட்டாத்தான் தலை நின்னான், ஒரு வயசு வரைக்கும் பார்ப்போம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். முன்பு மருத்துவர்களும் பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவும் உடல் நிலையும் சரியாக வராத செரிப்ரல் பால்ஸி) இருக்கிறதா என்று சொல்ல ஒன்றரை, இரண்டு வயது வரை காத்திருந்தார்கள். 2017இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், பாதிப்பு அபாயம் உள்ள குழந்தைகளில் ஆறு மாதத்துக்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியும் என்று விளக்கிச் சொன்னது. குழந்தையின் மூளை தன் பாதைகளை வேகமாக அமைத்துக்கொள்வது முதல் இரண்டு ஆண்டுகளில். காத்திருந்து தெரிந்துகொள்வதால் வரும் லாபம் எதுவும் இல்லை.

உங்கள் குழந்தைக்கு இப்போது பதினோரு வாரம் என்பது நல்ல தருணம். ஒன்பது வாரத்திலிருந்து இருபது வாரம் வரை, விழித்திருக்கும் குழந்தையின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றிலும் இடைவிடாமல் சின்னச் சின்னச் சுழல் அசைவுகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவை இருந்தால் பெருமூளை வாதத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அவை அறவே இல்லாமல், உடம்பு ஒரே மாதிரி விறைப்பாகவோ சோம்பலாகவோ அசைந்தால் வாய்ப்பு அதிகம். இதற்கு ஸ்கேன் தேவையில்லை, ஒரு போன் போதும். பால் குடித்து முடித்துச் சற்று நேரம் ஆனபின், விழித்து அமைதியாக இருக்கும்போது, ஒரு பாயில் மல்லாத்திப் போட்டு, கை கால் வெளியே தெரியும்படி மெல்லிய சட்டையோடு, பக்கத்தில் கிலுகிலுப்பையோ சூப்பானோ இல்லாமல், யாரும் கொஞ்சிப் பேசாமல், மேலே இருந்து நான்கைந்து நிமிடம் வீடியோ எடுங்கள். அழும்போதும் விக்கும்போதும் எடுத்தது பயன்படாது. அதை இந்த அசைவுகளைப் படிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது, கண் சோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இலவசம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இவை நடக்கின்றன. பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவான எஸ்.என்.சி.யு.வில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொண்டு போனால் போதும், தனியாகச் சிபாரிசு எதுவும் வேண்டாம்.

பெரா என்னும் காது சோதனையையும் கண் சோதனையையும் உடனே முடித்துவிடுங்கள். தலைச் சுற்றளவை மாதந்தோறும் ஒரே நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். உயரமும் எடையும் ஏற, தலை மட்டும் தேங்கினால் அது முக்கியமான செய்தி. நான்கு மாதத்திலும் தலை நிற்காதது, எப்போதும் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்திருப்பது, தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் போல் குறுக்கே விழுவது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை பொறுக்க வேண்டாம். சின்ன வயதிலேயே வலக்கை பழகிவிட்டான் என்று சிலர் மகிழ்வார்கள், அது பெரும்பாலும் இடக்கை வரவில்லை என்பதன் அடையாளம்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள், தூங்கி எழுந்தவுடன் குழந்தை தலையைக் குனிந்து இரண்டு கையையும் விரித்துச் சட்டென்று மடங்குவது, சில விநாடி கழித்து மறுபடி அதேபோல், இப்படிப் பத்து இருபது முறை தொடர்ந்து வருவது என்று ஒரு வகை வலிப்பு உண்டு. நம் ஊரில் இதைப் பார்த்தவுடன் "பிள்ளை பயந்திருக்கு" என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள், மந்திரிக்க அழைத்துப் போவார்கள். நாகூருக்குப் போங்கள், வைத்தீசுவரன் கோயிலுக்குப் போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் முதலில் போனில் வீடியோ எடுத்து, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். இந்த வலிப்புக்கு ஸ்டீராய்டு வகை மருந்துகளும் விகாபட்ரினும் நன்றாக வேலை செய்யும். வாரக்கணக்கில் தாமதமானால் அதுவரை குழந்தை கற்றுக்கொண்ட சிரிப்பும் பார்வையும்கூட மறைந்துவிடும். பெரியகோயில் அளவு எம்.ஆர்.ஐ. மெஷின் இருந்தாலும் அந்தப் போன் வீடியோவுக்கு ஈடாகாது.

வீட்டுக்குள் நடக்க வேண்டியதையும் கேளுங்கள். பகலெல்லாம் தூளியில் கிடத்த வேண்டாம். தூளியில் குழந்தை நிம்மதியாகத் தூங்கும், அம்மாவுக்கும் கை ஓயும், அதை மறுக்கவில்லை. ஆனால் விழித்திருக்கும்போது அது தலையைத் தூக்கவும் திரும்பவும் முயலத் தரை வேண்டும். பாயில் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சற்று நேரம் குப்புறப் போட்டு, முகத்துக்கு முன்னே உங்கள் முகத்தையோ கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட அட்டையையோ காட்டுங்கள். தாயின் மார்பின்மேல் குப்புறப் படுக்க வைப்பதும் அதே பயிற்சிதான். கொஞ்சம் பெரியவனான பின் இடுப்பில் தூக்கும்போது இரண்டு காலையும் அகற்றி வைத்துத் தூக்குவது நம் பெண்கள் எப்போதும் செய்வதுதான், கால் இறுக்கம் உள்ள குழந்தைக்கு அது நல்ல நிலை. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டும்போது கை காலை இழுத்து நெட்டி முறிக்காமல், மார்புக்கு நேரே இரண்டு கையையும் கொண்டுவந்து சேர்த்துப் பேசினாலே போதும். யாரோ கைகாலைப் பிடித்து நீட்டி மடக்கும் பயிற்சியால் மட்டும் மூளை கற்றுக்கொள்வதில்லை. குழந்தை தானாக ஒன்றை எட்டிப் பிடிக்க முயல்வதில்தான் கற்றல் நடக்கிறது, நல்ல பிசியோதெரபிஸ்ட் அதற்கு வழி செய்துகொடுப்பார். வாரம் ஒருநாள் மையத்துக்குப் போவது பயிற்சி இல்லை, அங்கே கற்றதை வீட்டில் பொழுது முழுதும் செய்வதே பயிற்சி.

மாமியார் உரைமருந்து கொடுக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வசம்பும் கடுக்காயும் ஜாதிக்காயும் உரைத்த நீர், ஏற்கெனவே பினோபார்பிடோனால் மந்தமாக இருக்கும் குழந்தைக்கு வேண்டாம். விழுங்குவதில் தடுமாற்றம் உள்ள குழந்தைக்கு எதையும் சங்கில் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போகும் அபாயம் உடையது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவதும் அதே வகை ஆபத்து. தொக்கம் எடுப்பவரிடமும் கொண்டுபோக வேண்டாம். இதை மாமியாரிடம் நீங்கள் சொன்னால் சண்டையாகும், அடுத்த முறை அவரையே மருத்துவரிடம் அழைத்துப்போய், மருத்துவர் வாயாலேயே இதைக் கேட்கச் செய்யுங்கள். எண்ணெய் தேய்த்து வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள், அதில் தவறு எதுவும் இல்லை.

மருந்தைப் பொறுத்தவரை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும். ஆனால் "இன்னும் இது தேவையா?" என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிறந்த சில நாட்களில் மட்டும் வந்து நின்ற வலிப்புக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டியதில்லை என்பதே அண்மைக்கால வழிகாட்டுதல்களின் போக்கு. பல குழந்தைகள் யாரும் கேட்காததாலேயே ஒரு வருடம் இந்தச் சிரப்பைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். பெருமூளை வாதத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, முறையாகப் பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே இதைக் கொடுப்பது தவறு. ஆய்வு என்றால் அதற்குக் குடும்பத்திடம் லட்சக்கணக்கில் பணம் கேட்க மாட்டார்கள். பணம் கேட்கிறார்கள் என்பதே உங்களுக்கு விடை. அழுத்த அறைக்குள் ஆக்ஸிஜன் கொடுக்கும் சிகிச்சையையும் அடுத்து யாராவது சொல்வார்கள், 2001இல் வெளியான ஆய்வில் அது சாதாரணக் காற்றை லேசான அழுத்தத்தில் கொடுப்பதைவிட எந்த வகையிலும் மேலாக இருக்கவில்லை. ரத்தச் சிவப்பணுக்கள் உருவாவதைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசியின் மேலும் உலகம் பெரிய நம்பிக்கை வைத்திருந்தது, குளிரூட்டலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் பலனில்லை என்று முடிந்தது. அடமானம் வைக்க நினைக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை, இரண்டு ஆண்டுக்குப் பயிற்சி மையத்துக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும், உங்கள் தங்கை வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருப்பதற்கும் ஒதுக்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு, மாற்றுத்திறனாளி அட்டை ஆகியவை தேவைப்படும் நிலை வந்தால் மையத்திலேயே வழி சொல்வார்கள், அதற்கு இப்போது அவசரம் இல்லை.

பழி சொல்வதைப் பற்றி. நீண்ட வலியின்போது குழந்தையின் இதயத்துடிப்பை எத்தனை முறை பார்த்தார்கள், பனிக்குட நீரில் மலம் தெரிந்தபின் எவ்வளவு நேரம் பொறுத்தார்கள் என்பதெல்லாம் பிரசவம் நடந்த மருத்துவமனையின் பதிவேட்டில் இருக்க வேண்டியவை, தாய்வீட்டார் தீர்மானிக்கக்கூடியவை அல்ல. வலி வந்தவுடன் நீங்கள் அழைத்துப் போனீர்கள், அதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. எங்கே தவறு என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால், மருத்துவப் பதிவுகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. குற்றம் சாட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்த நகல் குழந்தையின் சிகிச்சைக்கே தேவைப்படும். பல பிரசவங்களில் பதிவுகளை வரிவரியாகப் படித்தாலும் காரணம் பிடிபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தக் கணக்கையெல்லாம் நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். மாப்பிள்ளையை ஒருமுறை மையத்துக்கு அழைத்துப் போய், குழந்தையைப் பாயில் விட்டுப் பயிற்சி கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். உங்கள் தங்கையைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: யாரிடமும் பேசுவதில்லை, இரவில் தூங்குவதில்லை என்று. எனக்குக் குழந்தையைவிட அந்த வரிதான் கவலை தந்தது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளத்தக்க மருந்துகளும் உண்டு. குழந்தையைக் காட்டப் போகும் அதே நாளில் அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவரையும் காட்டுங்கள், "எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லிக் கடத்த வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்கும் இப்படி ஆகுமா என்று உங்கள் தங்கை உங்களிடம் கேட்காமல் இருக்க மாட்டார். பொதுவாக ஆகாது. பிரசவத்தின்போது காரணம் தெளிவாகத் தெரியாத குழந்தைகளில் மட்டும் வளர்சிதை மாற்றக் கோளாறு, மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மறுமுறை கருத்தரித்தால், அவசரப் பிரசவச் சிகிச்சை தரும் சீமாங் மையமும் எஸ்.என்.சி.யு.வும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் என்று ஐந்தாம் மாதத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். வளைகாப்புக்குப் பின் எந்த வீட்டில் இருப்பது என்பதையும், அந்த வீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்கு இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு நேரமாகும் என்பதைப் பார்த்தே தீர்மானியுங்கள். தாய்வீடு தொலைவு என்றால், கடைசி இரண்டு வாரம் திருக்கருகாவூர் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு, மருத்துவமனைக்கு அருகே உறவினர் வீட்டில் அம்மாவோடு தங்கட்டும்.